குளுக்கோஸ் தண்ணீரும் இரண்டு மணி நேரமும்: கர்ப்பகாலத்தில் சர்க்கரை பார்ப்பது எதற்கு?

என் தங்கைக்கு அப்போது ஆறாவது மாதம். எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான நாள். துணைக்கு நான் போயிருந்தேன். எடை, பிரஷர் எல்லாம் பார்த்து முடித்ததும் நர்ஸ் ஒரு பாக்கெட்டைப் பிரித்துத் தண்ணீரில் கொட்டிக் கலக்கி அவள் கையில் கொடுத்தார். "பத்து நிமிஷத்துக்குள்ள குடிச்சு முடிச்சிடும்மா. குடிச்சிட்டு இந்த பெஞ்சுலயே உட்காரு. ரெண்டு மணி நேரத்துக்கு டீ, பிஸ்கட் எதுவும் வேண்டாம்."

75 கிராம் குளுக்கோஸ், 300 மில்லி தண்ணீர். வீட்டு டீஸ்பூனில் அளந்தால் ஏறக்குறைய 15 ஸ்பூன். முதல் இரண்டு வாய் இனிக்கும். பாதிக்கு மேல் தொண்டையே மறுக்கும். முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்து முடித்தவள், "எனக்குத்தான் சுகரே கிடையாதே, எதுக்குக்கா இது?" என்று கேட்டாள். நர்ஸ் திரும்பிப் பார்த்து, "எல்லாருக்கும் எடுக்கறதுதான்மா" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். வரிசையில் அத்தனை பேர் நிற்கும்போது அவரால் அவ்வளவுதான் சொல்ல முடியும். அந்தக் கேள்விக்கான நீளமான பதிலை இங்கே எழுதுகிறேன். முதல் குழந்தையைச் சுமப்பவர்களுக்கும், அவர்களோடு அந்த பெஞ்சில் உட்காரும் அம்மா, மாமியார், கணவன்மார்களுக்கும் இது பயன்படும்.

நஞ்சுக்கொடியிலிருந்து தொடங்குவோம்

சோறு, இட்லி, சப்பாத்தி எதைச் சாப்பிட்டாலும் அதிலுள்ள மாவுச்சத்து குளுக்கோஸாக உடைந்து இரத்தத்தில் கலக்கிறது. அந்தச் சர்க்கரை உடம்பின் செல்களுக்குள் போய்ச் சேர இன்சுலின் வேண்டும். வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கணையம் அதைச் சுரக்கிறது. இது எல்லோருக்கும் பொது.

கர்ப்பம் தரித்த பிறகு ஒரு மாற்றம் நடக்கிறது. நஞ்சுக்கொடி வளர வளர, அதிலிருந்து வரும் ஹார்மோன்கள் தாயின் உடம்பை இன்சுலினுக்குச் சற்று மந்தமாக்குகின்றன. தாயின் தசைகள் சர்க்கரையை முன்புபோல உடனே இழுத்துக்கொள்வதில்லை. சாப்பிட்டபின் அது கொஞ்ச நேரம் கூடுதலாக இரத்தத்தில் நிற்கிறது. வயிற்றில் வளரும் பிள்ளைக்குச் சாப்பாடு போய்ச் சேர வேண்டும் என்பதற்காக இயற்கை செய்துவைத்த ஏற்பாடு இது. இதில் நோய் எதுவும் இல்லை.

இதை ஈடுகட்டக் கணையம் கூடுதலாக உழைக்கிறது. கர்ப்பத்தின் பிற்பகுதியில் வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் இன்சுலின் சுரக்க வேண்டியிருக்கும். பெரும்பாலான பெண்களின் கணையம் அந்தப் பாரத்தைச் சுமந்துவிடும். சிலருக்கு அவ்வளவு தெம்பு இருக்காது, அப்போது இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. இதைத்தான் கர்ப்பகால சர்க்கரை, கர்ப்பகால நீரிழிவு என்கிறோம். பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் பெரும்பாலோருக்கு இது இறங்கிவிடுவதும் அதனால்தான்.

இதை இத்தனை விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. சர்க்கரை என்று ரிப்போர்ட் வந்ததும் நம் வீடுகளில் முதலில் நடப்பது விசாரணை. வளைகாப்பில் தின்ற லட்டு, மசக்கையில் கேட்டு வாங்கிய மாம்பழம், யாரோ கொண்டுவந்த அல்வா என்று ஒவ்வொன்றாகக் கணக்கெடுப்பார்கள். அந்தப் பெண் ஏற்கனவே பயந்துபோயிருப்பாள், இப்போது குற்றவாளியும் ஆகிவிடுவாள். இனிப்பைக் குறைக்க வேண்டியது உண்மைதான். ஆனால் ஒரு லட்டு இந்த நோயைக் கொண்டுவந்துவிடாது. கணையத்தின் கையிருப்பும் நஞ்சுக்கொடியின் ஹார்மோன்களும் போடும் கணக்கு இது. பரம்பரை, உடல் எடை, வயது, பிசிஓடி என்னும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, முந்தைய பிரசவத்தில் சர்க்கரை இருந்தது, நான்கு கிலோவை ஒட்டிய குழந்தை பிறந்தது ஆகியவை அந்தக் கணக்கைப் பாதிக்கும். இவற்றில் ஒன்றுகூட இல்லாதவருக்கும் வரும். என் தங்கைக்கு வந்தது அப்படித்தான்.

பிள்ளைக்கு என்ன ஆகிறது?

தாயின் இரத்தத்திலுள்ள சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகும். தாயின் இன்சுலின் தாண்டாது. வந்த சர்க்கரையைப் பிள்ளை தன் சொந்தக் கணையத்தைக் கொண்டுதான் சமாளிக்க வேண்டும். சர்க்கரை அதிகமாக வந்தால் அந்தச் சின்னக் கணையம் இன்சுலினை அள்ளிச் சுரக்கும். வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளைக்கு இன்சுலின் வளர்ச்சி ஹார்மோன் மாதிரி. கொழுப்பு சேர்ந்து, தோள் அகன்று, எடை கூடிவிடும். டென்மார்க் மருத்துவர் யோர்கன் பீடர்சன் 1950-களிலேயே இந்தத் தொடர்பை எடுத்துச் சொன்னார்: தாய்க்குச் சர்க்கரை கூடினால் சேய்க்கு இன்சுலின் கூடும்.

எடை கூடிய பிள்ளையைப் பார்த்து "கொழுக் மொழுக்குனு இருக்கு" என்று மகிழ்வோம். பிரசவ அறையில் நிலைமை வேறு. தலை வெளியே வந்தபின் தோள் மாட்டிக்கொள்வது மருத்துவர்கள் மிகவும் அஞ்சும் அவசர நிலைகளில் ஒன்று. சிசேரியன் ஆகும் வாய்ப்பும் கூடுகிறது. பிறந்த பிறகு இன்னொரு சிக்கல் வரும். தொப்புள்கொடியை வெட்டியதும் தாயிடமிருந்து வந்த சர்க்கரை சட்டென்று நின்றுவிடுகிறது. பிள்ளையின் உடம்பிலோ இன்சுலின் இன்னும் நிறைய ஓடிக்கொண்டிருக்கும். அதனால் பிறந்த சில மணி நேரத்தில் குழந்தைக்குச் சர்க்கரை அபாயமாக இறங்கலாம். சர்க்கரை இருந்த தாய்க்குப் பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்திச் சொட்டு இரத்தம் எடுத்துப் பார்ப்பதும், ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கச் சொல்வதும் இதனால்தான். குதிகாலில் குத்துவதைப் பார்த்து யாரும் கோபப்பட வேண்டாம்.

எவ்வளவு சர்க்கரை ஏறினால் ஆபத்து தொடங்குகிறது? ஒன்பது நாடுகளில் சுமார் 25,000 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்த 'ஹாப்போ' என்ற பெரிய ஆய்வு 2008-ல் வெளியானது. குறிப்பிட்ட ஓர் எண்ணுக்குக் கீழே பாதுகாப்பு, மேலே ஆபத்து என்று தெளிவான கோடு எதுவும் அதில் தென்படவில்லை. தாயின் சர்க்கரை ஏற ஏற ஆபத்தும் படிப்படியாக ஏறியது. ஆகவே ரிப்போர்ட்டில் 140, 153 என்று (டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் சர்க்கரை) நாம் பார்க்கும் எண்களெல்லாம் மருத்துவர்கள் கூடிப் பேசி வைத்துக்கொண்ட எல்லைகள். 139 வந்தவர் கவலையில்லாமல் ஜிலேபி சாப்பிடலாம் என்றோ, 141 வந்தவருக்கு உலகம் இருண்டுவிட்டது என்றோ அர்த்தம் இல்லை.

பரிசோதனை எப்படி நடக்கிறது?

முக்கியமான விஷயம்: கர்ப்பகால சர்க்கரை பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. அடிக்கடி சிறுநீர், களைப்பு, தாகம் எல்லாம் கர்ப்பிணிகளுக்கு எப்படியும் இருப்பவைதான். உடம்பு காட்டிக்கொடுக்கும் என்று காத்திருந்தால் ஏமாந்துபோவோம்.

சிறுநீரில் சர்க்கரை பார்த்தால் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. கர்ப்பகாலத்தில் சிறுநீரகம் சர்க்கரையைச் சற்றுத் தாராளமாகவே வெளியே விடும். நோய் இல்லாதவருக்கும் சிறுநீரில் சர்க்கரை தெரியலாம், நோய் உள்ளவருக்குத் தெரியாமலும் போகலாம். மூன்று மாதச் சராசரி என்று சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனையும் இங்கே நம்பகமாக உதவாது. கர்ப்பத்தில் சிவப்பணுக்களின் ஆயுள் மாறுகிறது, நம் பெண்களில் பலருக்கு இரத்தசோகையும் இருக்கிறது. இரண்டுமே அந்த எண்ணைக் குழப்பும். அதனால்தான் குளுக்கோஸைக் குடிக்கவைத்து, உடம்பு அதை எப்படிச் சமாளிக்கிறது என்று நேரிலேயே பார்க்கிறார்கள்.

இந்திய அரசின் வழிகாட்டுதல்படி எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இருமுறை பார்க்க வேண்டும். முதல் முறை, கர்ப்பம் உறுதியாகி முதன்முதலில் பரிசோதனைக்கு வரும்போதே. அப்போது சரியாக இருந்தால் மறுபடி 24 முதல் 28 வாரத்துக்குள். நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் வலுக்கும் காலம் அது. இரண்டுக்கும் நடுவே குறைந்தது நான்கு வாரம் இடைவெளி வேண்டும். தாமதமாக, ஏழெட்டு மாதத்தில் முதன்முறை வருபவருக்கும் விடாமல் பார்க்க வேண்டும்.

முதல் முறை எதற்கு என்றால், கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை இருந்து அது தெரியாமலேயே இருப்பவர்கள் நம்மிடையே உண்டு. குழந்தையின் இதயம், முதுகுத்தண்டு எல்லாம் உருவாகும் ஆரம்ப வாரங்களில் சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால் பிறவிக் குறைபாடுகள் வரும் ஆபத்து அதிகம். "அஞ்சாம் மாசம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடக் கூடாது. என் தங்கை முதல் இரண்டு மாதமும் டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில்தான் காட்டினாள். அங்கே சிறுநீரை மட்டும் பார்த்து 'சுகர் நில்' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சீட்டை நம்பி நாங்களும் நிம்மதியாக இருந்துவிட்டோம். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கேட்பதில்லை.

நம்மூர் முறையின் சிறப்பே வெறும் வயிற்றோடு வரவேண்டியதில்லை என்பதுதான். காலையில் சாப்பிட்டிருந்தாலும் சரி, சாப்பிடாவிட்டாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸைக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒருமுறை இரத்தம். டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால சர்க்கரை. இந்த முறையை முன்னெடுத்தவர் சென்னையின் மூத்த சர்க்கரை நோய் மருத்துவர் வீ. சேஷய்யா. கர்ப்பகால நீரிழிவை ஆராய அவர் வழிநடத்திய 'டிப்சி' குழுவின் பெயராலேயே இதை டிப்சி பரிசோதனை என்கிறார்கள். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரை பார்ப்பதைத் தமிழ்நாடு அரசு 2007-ல் கட்டாயமாக்கியது. தேசிய வழிகாட்டுதல் பின்னால் வந்தது. சேஷய்யா குழு தமிழ்நாட்டில் நடத்திய ஆய்வு 2008-ல் வெளிவந்தபோது, நகரப் பெண்களில் 17.8 சதவீதம், சிற்றூர்ப் பகுதிகளில் 13.8 சதவீதம், கிராமங்களில் 9.9 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருந்தது. கிராமத்திலேயே பத்தில் ஒருவர். "நம்ம ஊர்ல யாருக்கு வரப்போகுது" என்பவர்களுக்கு நான் இந்த எண்ணைத்தான் சொல்வேன்.

வெறும் வயிறு வேண்டாம் என்பதன் அருமை ஊரில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். காலை ஆறரை மணிப் பேருந்தைப் பிடித்து, இறங்கி நடந்து, வரிசையில் நின்று பத்து மணிக்கு முறை வரும் கர்ப்பிணியைப் பட்டினியாக வரச் சொன்னால் ஒன்று மயங்கிவிழுவாள், இல்லை வராமலே இருந்துவிடுவாள். "நாளைக்கு வெறும் வயித்தோட வாம்மா" என்று அனுப்பினால் நாளைய கூலி போகும். வந்த அன்றே முடிந்துவிடும் பரிசோதனைதான் நடக்கும் பரிசோதனை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வெறும் வயிற்றில் தொடங்கி மூன்று முறை இரத்தம் எடுக்கும் முறையில் வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153 என மூன்று எல்லைகள் உண்டு. ஏதாவது ஒன்றைத் தொட்டாலே நோய்தான். உலக சுகாதார நிறுவனம் 2013-ல் ஏற்றுக்கொண்டது இதைத்தான். சாப்பிட்டுவிட்டு எடுக்கும் பரிசோதனை, இந்த முறையில் பிடிபடும் பலரைத் தவறவிடுகிறது என்று சென்னையிலேயே இன்னொரு ஆய்வுக் குழு 2014-ல் காட்டியது. மருத்துவர்களிடையே இந்த வாதம் ஓய்ந்தபாடில்லை. என் கருத்தைச் சொல்கிறேன்: உங்களால் வெறும் வயிற்றோடு போக முடியும், மருத்துவரும் அதைச் சொல்கிறார் என்றால் மூன்றுமுறை இரத்தம் எடுக்கும் பரிசோதனையையே செய்துகொள்ளுங்கள். முடியாதவர்கள் டிப்சி பரிசோதனையை ஒருநாளும் தவறவிடக் கூடாது.

இலண்டனிலோ டொராண்டோவிலோ இருக்கும் நம் பெண்கள் ரிப்போர்ட்டில் 7.8 என்று பார்த்துக் குழம்புவதுண்டு. அங்கே அளவு மில்லிமோல். 18-ஆல் பெருக்கினால் நம் கணக்கு வந்துவிடும், 7.8 என்பது நம் 140. பிரிட்டனில் எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை செய்வதில்லை, ஆபத்துக் காரணி உள்ளவர்களுக்கு மட்டும்தான். தெற்காசிய வம்சாவளி என்பதே அந்தப் பட்டியலில் இருக்கிறது, ஆகவே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அமெரிக்காவில் பல இடங்களில் முதலில் 50 கிராம் குடித்து ஒரு மணி நேரத்தில் பார்ப்பார்கள். அது கூடினால் இன்னொரு நாள் வெறும் வயிற்றில் 100 கிராம், மூன்று மணி நேரம். நாட்டுக்கு நாடு எண் மாறுவதால் உறவினர்களோடு ரிப்போர்ட்டை ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள்.

பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு மணி நேரத்துக்குச் சில குறிப்புகள். குடித்த முப்பது நிமிடத்துக்குள் வாந்தி வந்தால் அந்தப் பரிசோதனை செல்லாது, இன்னொரு நாள் செய்ய வேண்டும். அதை மறைக்காமல் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். அரை மணி நேரத்துக்குப் பிறகு வந்தால் பரவாயில்லை, தொடரலாம். குளிர்ந்த தண்ணீரில் கலக்கச் சொன்னால் குமட்டல் கொஞ்சம் குறையும். இடையில் போய்ச் சமோசா தின்றுவிட்டு வருவதும், வெளியே வேகவேகமாக நடப்பதும் எண்ணை மாற்றிவிடும். குடித்த நேரத்தைக் கைபேசியில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் இரண்டு மணி நேரம் இரண்டரை ஆகிவிடுவது சகஜம்.

ஆய்வகத்தில் இரத்தம் எடுத்தால் குழாயின் மூடியைக் கவனியுங்கள். சர்க்கரைக்கு எடுப்பது பொதுவாகச் சாம்பல் நிற மூடி போட்ட குழாய். குழாய்க்குள் போன பிறகும் இரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அதைத் தடுக்க உள்ளே ஃப்ளோரைடு உப்பு வைத்திருப்பார்கள். சாதாரணக் குழாயில் எடுத்து மணிக்கணக்கில் வெயிலில் வைத்துவிட்டால், இருக்கும் நோயும் இல்லாததுபோலத் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் விரல் நுனியில் குத்தி, பிளாஸ்மா (அணுக்கள் நீங்கிய இரத்தத்தின் நீர்ப்பகுதி) அளவுக்குச் சீராக்கப்பட்ட குளுக்கோமீட்டரில் அங்கேயே பார்ப்பதற்கும் வழிகாட்டுதலில் இடமுண்டு.

என் தங்கைக்கு 156 வந்தது.

எண் கூடிவிட்டால்?

அழுதாள். "எங்க வம்சத்துலயே யாருக்கும் சுகர் கிடையாதே" என்று அவள் மாமியார் மெல்ல ஆரம்பித்தார். அன்று மருத்துவ அதிகாரி அவரை உட்காரவைத்துப் பேசிய விதத்தை மறக்க மாட்டேன். "அம்மா, உங்க மருமக தப்பு எதுவும் பண்ணல. சமையல் உங்க கையிலதான இருக்கு? அப்ப மருந்தும் உங்க கையிலதான்." அதன்பிறகு அந்த வீட்டில் சாப்பாட்டுக் கணக்கு வைத்தவரே மாமியார்தான்.

முதல் வைத்தியம் சாப்பாடுதான். இரண்டு வாரம் உணவை ஒழுங்கு செய்து, நடந்து, மறுபடி பார்ப்பார்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழே இருந்தால் அப்படியே தொடரலாம். நல்ல செய்தி என்னவென்றால், பெரும்பாலான பெண்களுக்கு இதிலேயே அடங்கிவிடும்.

உணவை ஒழுங்கு செய்வது என்றால் பட்டினி கிடப்பது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு, பிள்ளைக்கும் கெடுதல். மூன்று வேளை வயிறுமுட்டத் தின்பதை ஐந்தாறு வேளையாகப் பிரிக்க வேண்டும். ஐந்து இட்லி சாப்பிடும் இடத்தில் மூன்று, கூடவே காய் நிறையப் போட்ட சாம்பார், ஒரு முட்டை. பதினொரு மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல். மதியம் தட்டில் சோற்றுக்குக் கொடுக்கும் இடத்தைக் கீரைக்கும் பொரியலுக்கும் மாற்றிக் கொடுங்கள். பருப்பு, மீன், கோழி, தயிர் இவற்றில் ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கட்டும். பழத்தைச் சாறு பிழியாமல் கடித்துத் தின்ன வேண்டும். கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் எல்லாம் இரத்தத்துக்குச் சர்க்கரைதான். கேழ்வரகு நல்லது என்று கூழாகக் காய்ச்சிச் சொம்பு சொம்பாகக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும். நன்றாக வெந்து கரைந்த எந்த மாவும் அப்படித்தான். "ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்" என்ற பேச்சை அன்போடு ஓரமாக வைத்துவிடலாம். கர்ப்பத்தின் நடுப்பகுதியிலிருந்து கூடுதலாகத் தேவைப்படுவது நாளைக்குச் சுமார் 350 கலோரிதான். மருத்துவர் தடை சொல்லாதவரை, சாப்பிட்டபின் மெதுவாக நடப்பது நன்றாக உதவும்.

அதற்கும் அடங்காவிட்டால் இன்சுலின். ஊசி என்றதும் "ஆயுசுக்கும் போட்டுக்கணுமா?" என்று பயப்படுவார்கள். பெரும்பாலும் பிரசவத்தோடு நிறுத்திவிடுவார்கள். இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போவதில்லை என்று மேலே சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு அது போகாது. சிலருக்கு இருபது வாரத்துக்குப் பிறகு மெட்ஃபார்மின் மாத்திரை தருவதும் உண்டு. அது நஞ்சுக்கொடியைத் தாண்டும். அதனால் யாருக்கு எது என்பதை மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவின் சர்க்கரை மாத்திரையை வாங்கிப் போடுவது எக்காரணம் கொண்டும் கூடாது.

ஆறு வாரம் கழித்து

பாஸ்டனில் ஓ'சல்லிவன் என்ற மருத்துவரும் மாகன் என்ற புள்ளியியலாளரும் 1964-ல் கர்ப்பகாலச் சர்க்கரைக்கு முதன்முதலாக எல்லை எண்களை வகுத்தார்கள். அவர்கள் முதன்மையாகக் கணக்கிட்டது, எந்தத் தாய்க்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் என்பதைத்தான். கர்ப்பம் என்பது கணையத்துக்கு இயற்கை வைக்கும் ஒரு தேர்வு. அதில் திணறிய கணையம் பத்து, இருபது வருடம் கழித்து மறுபடி திணறலாம். கர்ப்பகால சர்க்கரை வந்த பெண்ணுக்கு, வராத பெண்ணைவிடப் பின்னால் இரண்டாம் வகை நீரிழிவு வரும் ஆபத்து ஏழு மடங்கு என்று 2009-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு சொன்னது.

ஆகவே பிரசவமாகி ஆறு வாரத்தில் இன்னொரு முறை வெறும் வயிற்றோடு போய் அதே 75 கிராம் குளுக்கோஸைக் குடித்துப் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில் 126, இரண்டு மணி நேரத்தில் 200 என்ற எல்லைகளில் ஒன்றைத் தொட்டால் அது நிரந்தர நீரிழிவு. தொடாவிட்டாலும் வருடம் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் வீடுகளில் அதிகமாகத் தவறிப்போவது இந்தப் பரிசோதனைதான். அந்த நேரத்தில் பெண் அம்மா வீட்டில் இருப்பாள், இரவெல்லாம் தூக்கம் இருக்காது, எல்லோர் கவனமும் குழந்தை மேல். தாயின் சர்க்கரையை யாருக்கும் நினைவிருக்காது. அதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. குழந்தைக்கு ஆறாவது வாரத்தில் தடுப்பூசி போட எப்படியும் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். அந்தத் தேதியைத் தாய் சேய் நல அட்டையில் எழுதிக்கொள்ளும்போதே பக்கத்தில் 'அம்மாவுக்கு சுகர்' என்று எழுதிவிடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். அன்றைக்குக் குழந்தை தடுப்பூசிக்கு அழுது முடித்து என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. தங்கை அதே பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் எப்போது முடியும் என்று சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.